நன்றியுடன் மூன்றாம் பிரதி

வெள்ளிக்கிழமை, காலை ஆறரை மணி.

கண்டியிலிருந்து அட்டனுக்கு பஸ் கட்டணம் ஒரு ரூபாய் எண்பது சதம். தூரம் நாற்பத்தைந்து மைல் என்றார் கண்டக்டர். அறுபதுக்குக் குறையாது என்றது என் முதுகு. கம்பளையில் பாதிப் பேர் இறங்கினார்கள், நாவலப்பிட்டியில் அதைவிட அதிகம் பேர் ஏறினார்கள். இந்தக் கட்டுரையில் ஊரின் பெயரையும் தூரத்தையும் விலையையும் இப்படியே ஒளிவு மறைவில்லாமல் கொடுத்துக்கொண்டு போகப் போகிறேன். ஒரே ஓர் இடத்தின் பெயரை மட்டும் சொல்லமாட்டேன். அது ஒரு தேயிலைத் தோட்டம். கொட்டகலைக்கும் தலவாக்கலைக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது என்பதோடு வாசகர்கள் திருப்தி அடைய வேண்டும். காரணம் போகப் போகத் தெரியும்.

எனக்குக் கண்டியில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடை. என் தொழிலில் எதையும் எளிதில் நம்பக் கூடாது. பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளை தனக்குப் பார்வை நன்றாக இருக்கிறது என்பான். சட்டைப் பையில் வேறொரு கடைக் கண்ணாடியை வைத்துக்கொண்டே, இதுவரை கண்ணாடி போட்டதே இல்லை என்பார் ஒரு கனவான். பதினெட்டு வருடம் இப்படிப்பட்டவர்களோடு காலம் தள்ளியவனுக்கு மூன்று முத்திரை குத்திய ஒரு கடிதம் வந்தால் என்ன தோன்றும்? கண்டி, நுவரெலியா, அட்டன் ஆகிய மூன்று ஊர்ச் சேவைக் கழகங்களும் கைகோத்துத் தோட்ட மக்களுக்கு இலவசக் கண் பரிசோதனை நடத்தப் போகின்றனவாம். நானும் வந்து உதவ வேண்டுமாம். இலவசமாக ஒன்றைக் கொடுக்க எதற்கு மூன்று கழகங்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு, என் கடைக் கண்ணாடிகளை அடிமாட்டு விலைக்குக் கேட்கப் போகிறார்கள் என்று முடிவு கட்டினேன். முடிவு கட்டிய பிறகும் ஏன் புறப்பட்டேன் என்று என் மனைவி கேட்டாள். என்னதான் செய்கிறார்கள், பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன்.

கினிகத்தேனையில் பஸ் கால் மணி நேரம் நின்றது. பால் தேநீர் பதினைந்து சதம், வடை பத்துச் சதம். வடை முந்தின நாளையது. என் பக்கத்து இருக்கையில் இருந்தவர் நோர்வூட் பக்கத்துத் தோட்டத்தில் வேலை செய்பவர், நாற்பது வயது இருக்கும். என் தோல் பையையும் அதிலிருந்து எட்டிப் பார்த்த நோட்டுப் புத்தகத்தையும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா எந்தப் பக்கம் போறீங்க?"

"அட்டனுக்கு. தோட்டத்து ஆட்களுக்குக் கண் பார்க்க."

"பேரெல்லாம் எழுதுவீங்களா?"

"எழுதாமல் எப்படி?"

"இந்தியாவுக்கு அனுப்புற லிஸ்டுங்களா?"

சென்ற வருடக் கடைசியில் இந்தியா, இலங்கை இரண்டு நாட்டுப் பிரதமர்களும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தைத்தான் அவர் சொன்னார். தோட்டத் தமிழர்களில் இத்தனை லட்சம் பேர் அங்கே, இத்தனை லட்சம் பேர் இங்கே என்று பத்திரிகைகளில் படித்திருந்தேன். அந்த இத்தனையில் ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்து வடை தின்பார் என்று நினைத்ததில்லை. இது கண் மட்டுந்தான் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். "அப்படித்தானுங்க மொதல்ல சொல்லுவாங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, மழை வரும்போலிருக்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னார். பஸ் புறப்பட்டபோது அவர் பின் இருக்கைக்குப் போய்விட்டார்.

பகல் பதினொன்று. அட்டன்.

நாலாயிரம் அடிக்கு மேல் இருக்கிற ஊர். மூச்சு விட்டால் புகை வருகிறது. பஸ் நிலையத்தில் கம்பளி விற்பவர்கள், கோவா என்கிற முட்டைக்கோஸ் மூட்டைகள், ரயிலின் கூவல். அட்டன் கழகச் செயலாளர் இராசையா தம் மருந்துக் கடை வாசலில் காத்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். அட்டனுக்கு வந்து இருபது வருடமாகியும் பேச்சில் ஊர் வாசனை போகவில்லை. கழுத்துப் பட்டி, கழகச் சின்னம், காலில் துடைத்து வைத்த சப்பாத்து.

"வாங்கோ, வாங்கோ. பயணம் எப்பிடி? தேத்தண்ணி குடிச்சிட்டு நேரே கூட்டத்துக்குப் போவம்."

கூட்டம் மூன்று மணி நேரம் நடந்தது. அதில் கண்ணைப் பற்றிப் பேசியது இருபது நிமிடம். மீதி நேரமெல்லாம் துணிப் பதாகைக்கே சரியாகிவிட்டது. அதில் எந்தக் கழகத்தின் பெயர் முதலில் வருவது? நுவரெலியாக்காரர்கள் தாங்களே மூத்த கழகம் என்றார்கள். கண்டிக்காரர்கள் தங்களுக்குத்தான் அங்கத்தவர் அதிகம் என்றார்கள். பரிசோதனை எங்கள் எல்லையில்தானே நடக்கிறது என்றார்கள் அட்டன்காரர்கள். கடைசியில் மூன்று பெயரையும் ஒரு வட்டமாக எழுதுவது என்று ஒரு மனதாகத் தீர்மானித்தார்கள். மறுநாள் அந்தப் பதாகையைக் கட்டியபோது, யாராலும் தலையைச் சாய்க்காமல் அதை வாசிக்க முடியவில்லை.

அதன் பிறகு படிவம். வேலை முறை இதுதான்: தோட்டத்தில் நான் அட்டையைக் காட்டிப் பார்வை பார்ப்பேன். குறை உள்ளவர்களின் பெயர் படிவத்தில் ஏறும். அவர்களை ஞாயிற்றுக்கிழமை நுவரெலியாவில் கண் வைத்தியர் பார்ப்பார். தேவைப்பட்டால் கண்டியில் சத்திர சிகிச்சை. எல்லாம் இலவசம். படிவத்துக்குக் கார்பன் தாள் வைத்து மூன்று பிரதி. ஒன்று வைத்தியருக்கு, ஒன்று கழகங்களின் கூட்டுக் கோப்புக்கு. மூன்றாவது பிரதியின் தலையில் அச்சிட்டிருந்தது: "பணி செய்யும் இடத்தின் நிர்வாகத்துக்கு, நன்றியுடன்."

"இது எதற்கு?" என்று கேட்டேன்.

"இடம் தந்தவைக்கு, ஆள் தந்தவைக்கு நன்றி சொல்ல வேணும்தானே. ஆருக்கு என்ன செய்தம் எண்டு பேர் விபரத்தோட எழுதிறது எங்கட வழக்கம்" என்றார் இராசையா. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. மரியாதை தெரிந்த மனிதர்கள் என்று நினைத்துக்கொண்டேன். சந்தேகப்பட்டிருக்க வேண்டிய ஒரே இடத்தில் நான் சந்தேகப்படவில்லை.

சனிக்கிழமை, காலை ஏழு மணி.

வேன் ஓட்டியவர் காசிம். அட்டனில் பிறந்து வளர்ந்தவர், தோட்டக் கடைகளுக்குச் சாமான் ஏற்றிப் போகிறவர். மூன்று கழகத்துத் தொண்டர்களும் பின்னால் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். நான் முன்னால் உட்கார்ந்தேன். கொட்டகலைக் கடைத்தெரு தாண்டிய பிறகு காசிம் பேச்சைத் தொடங்கினார்.

"ஐயாதான் கண்ணு பாக்குறதா?"

"ஆமாம்."

"இந்தத் தோட்டத்துல யாருக்கும் கண்ணுல கோளாறு இருக்காதுங்க. எழுதி வச்சிக்கங்க."

"அதெப்படி உங்களுக்குத் தெரியும்?"

"நான் வேன் ஓட்டுறவன். எனக்கு என்னங்க தெரியும்" என்று சொல்லிவிட்டுக் கியரை மாற்றினார். இந்த மனிதர் எதையோ தெரிந்து வைத்துக்கொண்டு மறைக்கிறார் என்று நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டேன். அந்தக் குறிப்பு மட்டும் பிழையில்லை.

பிரதான வீதியிலிருந்து பிரிந்த பிறகு எத்தனை மைல் போனோம் என்பதை எழுதமாட்டேன். பாதையின் இரு பக்கமும் தேயிலை. வாரி விட்ட தலைமாதிரி ஒழுங்கு. பெரட்டுக் களத்தில், அதாவது காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற மைதானத்தில், சனம் ஏற்கெனவே வரிசையாக நின்றது. தோட்டத்தை நிர்வகிக்கிற துரை வந்து, நாற்பது வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் கட்டாயம் கண்ணைக் காட்ட வேண்டும், வருகிறவர்களுக்கு அரைப் பேர் போடப்படும் என்று வேலையை மேற்பார்க்கிற கணக்கப்பிள்ளையை அறிவிக்கச் சொன்னார். அரைப் பேர் என்றால் அரை நாள் சம்பளம். தொண்டர்கள் கை தட்டினார்கள், படம் எடுத்தார்கள். சனம் கை தட்டவில்லை. இத்தனை உபகாரத்துக்கு ஒரு முகமாவது மலர வேண்டாமா என்று எனக்கு எரிச்சல் வந்தது.

பிள்ளை மடுவத்தில் மேசை போட்டார்கள். பகலில் தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப் போகிற நீளமான கூடம் அது. எழுத்துத் தெரியாதவர்களுக்கென்று என்னிடம் ஓர் அட்டைக் கட்டு உண்டு. ஒவ்வோர் அட்டையிலும் மூன்று கால் நீட்டிய ஒரு குறி. கால்கள் மேலே, கீழே, வலம், இடம் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று கையால் காட்டினால் போதும். இருபது அடி தூரத்தில் நின்று நான் அட்டையைத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். அந்தப் பக்கம் ஒரு தொண்டர் எழுதினார். வரிசை ஒருவர் பின் ஒருவராக நெருக்கியடித்துக்கொண்டு நின்றது.

பத்தரை மணிக்குள் நாற்பத்தொரு பேரைப் பார்த்தேன். நாற்பத்தொரு பேருக்கும் பருந்துப் பார்வை. கடைசி அட்டையின் கடுகுக் குறியைக்கூடத் தப்பாமல் காட்டினார்கள். தொண்டர்களுக்கு ஒரே ஆனந்தம். மலைக் காற்றும் பச்சை நிறமும் கண்ணுக்கு எவ்வளவு நல்லது என்று ஒருவர் பேச ஆரம்பித்தார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. நாற்பது வயது தாண்டிய நாற்பத்தொரு பேரில் கண் மங்காத கூட்டம் உலகத்தில் எங்கும் கிடையாது. அப்படி இருந்தால் நான் கடையை மூடிவிட்டு வேறு பிழைப்புப் பார்க்க வேண்டும்.

அடுத்து வந்தவளுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம். இடுப்பில் படங்குச் சாக்கு, தலையில் முக்காடு. பெயர் மாரியாயி என்றாள், அப்படியே எழுதப்பட்டது. அட்டையைக் காட்டினேன். காட்டியதும், கை தூக்குவதற்கு முன்னால், அவள் தோள் லேசாகத் துள்ளியது. யாரோ கிள்ளியதுபோல. மறு அட்டை. மறுபடி ஒரு துள்ளல், இந்த முறை மற்றத் தோளில், சரியான பதில். அதுவரை பார்த்தவர்களில் எத்தனையோ பேருக்கு அந்தத் துள்ளல் இருந்தது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அட்டையைத் திருப்பி அதன் வெறும் முதுகைக் காட்டினேன். வெள்ளைத் தாள். ஒன்றுமே இல்லை.

அவள் காத்திருந்தாள். துள்ளல் வரவில்லை. பின்னால் நின்றவள் அட்டையைப் பார்த்துத் திகைத்துப் போயிருந்தாள். இரண்டு மூன்று விநாடி. பிறகு மாரியாயி தானாகவே ஒரு முடிவுக்கு வந்தவளாக, நிதானமாகக் கையை உயர்த்தி, "மேலீங்க" என்றாள்.

எழுதிக்கொண்டிருந்த தொண்டர் அட்டையின் பக்கம் பார்க்கவில்லை. வரிசை மட்டும் மூச்சை நிறுத்திவிட்டது. நான் தலை வலிக்கிறது, பத்து நிமிடம் கழித்துத் தொடங்கலாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வரும்போது அவளைக் கடந்துதான் வர வேண்டும். கதவு வெளிச்சத்தில் அவளுடைய இரண்டு கண்மணிகளிலும் சாம்பல் பூத்திருந்தது. புரை. ஒன்று நன்றாக முற்றியது, மற்றது இன்னும் ஆறு மாதம் தாங்கும்.

மடுவத்தின் பின்பக்கம் நான் நின்றபோது, பின்னால் நின்று கிள்ளியவள் தேடி வந்தாள். பெயர் செவனம்மா என்றாள். அதுவும் உண்மைதானா என்று இன்றைக்கும் நிச்சயமில்லை.

"ஐயா, அவள லிஸ்டுல போட்றாதீங்க."

"ஏனம்மா, உங்கள் நன்மைக்குத்தானே வந்திருக்கிறோம்? இலவசமாக அறுத்துச் சுகப்படுத்திவிடுவார்கள்."

"போன வருசம் இதே ஆளுங்கதான் நெஞ்சு பாக்க வந்தாங்க. இருமுற நாலு பேத்து பேர எழுதிக்கிட்டுப் போனாங்க. மருந்தும் வந்துச்சு, இல்லேங்கல. ஆனா அந்த லிஸ்டு ஆபீசுக்கும் வந்துருச்சுங்களே. ஒரு மாசத்துல நாலு பேத்துக்கும் பேரு இல்லேன்னுட்டாங்க. ஒடம்பு சரியில்லாத ஆளு வேலைக்கு எதுக்குன்னு."

எனக்கு முந்தின நாள் பார்த்த மூன்றாம் பிரதி ஞாபகம் வந்தது. நன்றியுடன்.

"அவளுக்குக் கண்ணு தெரியலேன்னு தெரிஞ்சா பேரு போயிரும். பேரு போனா குடியிருக்கிற காம்பராவும் போயிரும். அவ மகளுக்கு இன்னும் பேரு பதியல. பேரு இல்லாத ஆளுங்களத்தான் மொதல்ல கப்பல் ஏத்துவாங்கன்னு வேற பேசிக்கிறாங்க. அங்க போயி யாருங்க இருக்கா அவளுக்கு?"

"கண் தெரியாமல் எப்படிக் கொழுந்து எடுக்கிறாள்?"

"வெரலு பாக்குதுங்களே. எளசு எது, முத்தல் எதுன்னு வெரலுக்குத் தெரியும். தப்பி வந்தா நாங்க இருக்கோம். என் நெரைக்குப் பக்கத்து நெரையதான் அவளுக்குக் கேட்டு வாங்குறோம். நிறுக்கப் போறதுக்கு முன்னால அவ கூடையக் கொட்டி முத்தலயெல்லாம் பொறுக்கிப் போட்டுருவோம். ரெண்டு வருசமா இப்புடித்தான்."

கணக்கப்பிள்ளையின் கண்ணுக்கு எதிரில், தினமும், இரண்டு வருடம்.  நாங்கள் கண்ணைச் சோதிக்க வந்தோம் என்றிருந்தோம். அவர்களோ பிழைப்பைச் சோதிக்க வந்தவர்களிடம் தேறிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அரைப் பேர் ஆசைகாட்டி, கட்டாயமும் போட்டு, வரிசையில் நிற்க வைத்தது நாங்கள்தான்.

நேராக இராசையாவிடம் போனேன். யார் பெயரையும் சொல்லவில்லை. இந்த ஆளிடம் சொன்னால் அடுத்த மணியில் துரை பங்களாவில் தேநீரோடு பேசப்பட்டுவிடும் என்று எனக்குப் பயம்.

"மூன்றாம் பிரதியை இந்த முறை விட்டுவிடலாமா?" என்று மட்டும் கேட்டேன்.

"அது ஏலாது. மூண்டு கழகமும் ஒண்டாக் கூடி எடுத்த தீர்மானம். நான் ஒராள் மாத்தேலாது. அடுத்த கூட்டுக் கூட்டம் மூண்டு மாதத்தால. அதில நீங்கள் கடிதம் குடுக்கலாம்."

"மூன்று மாதமா?"

"நன்றி சொல்லாமல் விடுறது மரியாதை இல்லைத்தானே" என்றார். பிறகு என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஏன் கேக்கிறியள்?"

"தாள் செலவைப் பற்றி யோசித்தேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மறுபடி அட்டையைக் கையில் எடுத்தேன். மாரியாயிக்கு எல்லாம் சரி என்று உரக்கச் சொன்னேன். பிற்பகல் மூன்று மணி வரை எண்பத்தாறு பேரைப் பார்த்தோம். எண்பத்தாறு பேரும் தேறினார்கள். படிவத்தில் ஒரு பெயரும் ஏறவில்லை. பதினெட்டு வருடத் தொழிலில் நான் தெரிந்தே சொன்ன பொய்களில் இதுவே பெரியது. பங்களாவில் கேக்கும் தேநீரும் கொடுத்தார்கள். தன் ஆட்களின் பார்வை குறித்துத் துரைக்கு மிகவும் சந்தோஷம்.

வேனில் ஏறுமுன் செவனம்மாவைத் தேடிப் பிடித்தேன். நாளைக்கு நுவரெலியா கடைத்தெருவுக்கு மேலே உள்ள பள்ளிக்கூட மண்டபத்தில் வைத்தியர் இருப்பார், ஊரார் யாரும் போகலாம், தோட்டத்துச் சீட்டு வேண்டியதில்லை என்றேன்.

"பேரு கேப்பாங்களே?"

"ஏதாவது ஒரு பெயரைச் சொல்லுங்கள்."

"எந்த எடம்னு கேப்பாங்களே?"

என் கடை விலாசம் அச்சிட்ட அட்டையைக் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொள்ளவில்லை, என் கையில் இருந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"நீங்க எதுக்குங்க இதெல்லாம் செய்றீங்க?"

மனிதாபிமானம் என்று சொன்னால் அந்த அட்டை கீழேதான் விழும் என்று தெரிந்தது. "கண்ணாடி விற்கிறவன் அம்மா. உங்களுக்குக் கண் தெரிந்தால்தானே எனக்கு வியாபாரம்" என்றேன். அது அவளுக்குப் பிடிபட்டது. அட்டையை வாங்கிச் சுருக்குப் பைக்குள் வெற்றிலையோடு வைத்தாள். வருவோம் என்று சொல்லவில்லை.

 அட்டனில் இறங்கும்போது காசிம், "நான் சொன்ன மாதிரி எழுதுனீங்களா ஐயா?" என்று கேட்டார். அப்படியே எழுதினேன் என்றேன். முதல்முறையாகச் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது.

அட்டனிலிருந்து நுவரெலியா முப்பது மைல், பஸ்ஸுக்கு ஒரு ரூபாய் இருபது சதம். தலவாக்கலை, நானுஓயா. குளிரில் பஸ்ஸின் கண்ணாடி முழுவதும் வெள்ளையாகப் பூத்துவிட்டது. அதைத் துடைத்துவிட்டுப் பார்க்கும்போது, ஒருத்தி எந்நேரமும் இப்படியே, துடைக்க வழியில்லாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்ற எண்ணம் வந்து மற்றக் காட்சிகளைக் கெடுத்துவிட்டது. ஆகவே வழியில் உள்ள நீர்வீழ்ச்சிகளைப் பற்றி என்னிடம் எதிர்பார்க்காதீர்கள்.

மண்டபத்தில் வைத்தியர் ஓர் அறையில் இருந்தார். வாசலில் மேசை போட்டுப் பெயர் பதிந்தவர் இராசையா. அவரை அங்கே பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. இவர் வரப் போகிறார் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. தோட்டத்தில் ஒரு நாள் முழுக்க அந்த முகங்களைப் பார்த்தவர். செவனம்மா இவரைக் கண்டால் வாசலோடு திரும்பிவிடுவாள். திரும்பாவிட்டால் இவர் அடையாளம் கண்டுபிடித்துவிடுவார்.

ராகலை பஸ் வந்தது. கடைக்காரர்கள் சிலரும் தோட்டத்து முதியவர் ஒருவரும் வந்து காட்டிவிட்டுப் போனார்கள். பதினொன்று. பதினொன்றரை. வரமாட்டார்கள் என்று தோன்றியது. நான் அவர்களுடைய இடத்தில் இருந்தால் வந்திருப்பேனா? மூன்று முத்திரைக் கடிதத்தையே நம்பாதவன். ஓர் அந்நியன் ஓர் அட்டையை நீட்டி, பொய்ப் பெயர் சொல் என்கிறான். இதைவிடச் சந்தேகத்துக்கு உரியது வேறென்ன?

பன்னிரண்டு அடிக்கச் சற்று முன்னால் படிக்கட்டில் மஞ்சள் தெரிந்தது. மஞ்சள் சேலை, கையில் பால் செம்பு, நெற்றி நிறையத் திருநீறு. நேர்த்திக்கடன் என்று சொல்லித் தோட்டத்திலிருந்து கிளம்பியிருக்கிறார்கள். முன்னால் செவனம்மா. அவள் தோளில் ஒரு கையை வைத்துக்கொண்டு மாரியாயி. அவளுக்குப் பின்னால் இன்னொரு மஞ்சள் சேலை, இன்னொன்று, இன்னொன்று. செவனம்மாவை விட்டு எண்ணினால் பதினொரு பேர். அத்தனை பேரும் முந்தின நாள் என்னிடம் கடைசி அட்டைவரை தேறியவர்கள். ஒருத்தியைத்தான் கண்டுபிடித்திருந்தேன். மற்றப் பத்துப் பேரும் இருபது அடி தூரத்தில் என்னை நன்றாக ஏமாற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இராசையா தலை நிமிர்ந்தார். செவனம்மா நின்றுவிட்டாள். நான் பேச வாயெடுப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"பேர்?" என்று அவர் முதலாவதாக நின்றவளைக் கேட்டார்.

"மாரியாயி."

"இடம்?"

அவள் சார்பில் செவனம்மா சுருக்குப் பையைத் திறந்து அட்டையை எடுத்து நீட்டினாள். சுண்ணாம்பு பட்ட அந்த அட்டையை அவர் வாசித்தார். இரண்டு தரம் வாசித்தார். எழுதினார்.

"அடுத்த ஆள். பேர்?"

"மாரியாயிங்க."

இப்படியே பதினொரு தரம். ஐந்தாவது மாரியாயியின்போது அவர் பேனாவை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"உங்கட கடையில இவ்வளவு பேரோ வேலை செய்யினம்?"

"ஆமாம்."

"எல்லாருக்கும் ஒரே பேரோ?"

"குடும்பத்தில் வழிவழியாக வைக்கிற பெயர்" என்றேன். என் காதுக்கே கேவலமாக இருந்தது. அவர் பேனாவை எடுத்து எழுதி முடித்தார். கார்பன் தாள், மூன்று பிரதி. ஏதாவது கண்டுபிடித்துவிட்டாரா என்று அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதில் ஒன்றும் தெரியவில்லை.

ஏழு பேருக்குக் கண்ணாடி போதும் என்றார் வைத்தியர். மூவருக்கு மருந்து. மாரியாயிக்குச் சத்திர சிகிச்சை, தாமதிக்கக் கூடாது, அடுத்த மாத முதல் வாரம் கண்டிக்கு வர வேண்டும். "தங்கச்சிக்குப் பிரசவம்னு சொல்லிட்டு வர்றேன்" என்றாள். அந்த 'மேலீங்க'வுக்குப் பிறகு என்னிடம் அவள் நேரடியாகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

மாலை மூன்றரைக்கு நுவரெலியாவிலிருந்து கண்டிக்கு பஸ். இறம்பொடை வழியாக நாற்பத்தெட்டு மைல், ஒரு ரூபாய் தொண்ணூற்றைந்து சதம். இறம்பொடையில் இறங்கி நின்று அருவியைப் பார்க்கும் வழக்கத்தை எல்லோரும்போல நானும் செய்தேன். அருவியைவிட, இராசையாவின் மூன்றாம் பிரதி எந்தத் துரைக்குப் போகும் என்பதே மனத்தில் ஓடியது. வீட்டுக்கு வந்து அந்த வாரம் முழுவதும் தபால்காரரைக் கண்டாலே எனக்கு வேர்த்தது.

மூன்றாவது வாரம் கடிதம் வந்தது. மூன்று முத்திரை. பெயர்கள் வட்டமாக. கடை முதலாளியாகிய எனக்கு எழுதியிருந்தது: தங்களிடம் பணிபுரியும் பதினொரு பெண்களைக் கண் பரிசோதனைக்கு மனமுவந்து அனுப்பி வைத்தமைக்காக மூன்று கழகங்களும் தங்கள் நன்றியைத் தெரிவித்துக்கொள்கின்றன. கீழே பட்டியல். மாரியாயி, மாரியாயி, மாரியாயி என்று கடைசி வரை. இராசையா என்று கையெழுத்து. அந்த மனிதர் தெரிந்து செய்தாரா, வழக்கத்தின்படி செய்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் பயமாக இருக்கிறது. கேட்டால் அவருக்குத் தெரிந்துவிடும். அடுத்த கூட்டுக் கூட்டத்தில் மூன்றாம் பிரதியை நிறுத்திவிட்டார்கள் என்று மட்டும் கேள்விப்பட்டேன். தாள் செலவு அதிகமாகிறது என்று செயலாளர் பிரேரித்தாராம்.

தங்கைக்குப் பிரசவம் நல்லபடியாக முடிந்தது. கட்டு அவிழ்த்த பிறகு மாரியாயி செவனம்மாவோடு கடைக்கு வந்தாள். தடித்த கண்ணாடியை மூக்கில் பொருத்திக் காதுப் பக்கம் சரி செய்தேன். முதலில் தன் விரல்களைத்தான் பார்த்தாள். கொழுந்துக் கறை பிடித்த பத்து விரல்களையும் ஒவ்வொன்றாக. பிறகு செவனம்மாவை. "என்னாடி, நீ இம்புட்டு நரைச்சிட்ட" என்றாள். இருவரும் அழுதுகொண்டே சிரித்தார்கள். எனக்கும் கண் கலங்கிற்று என்பதை மறைக்க வேண்டியதில்லை.

கடைப் புத்தகத்தில் கண்ணாடியின் இலக்கத்தை எழுத வேண்டும். உடைந்தால் மாற்றிக் கொடுக்க வசதியாக இருக்கும். பேனாவை எடுத்து, பதினொரு மாரியாயிகளைப் பார்த்தாயிற்று, இங்கே யாரும் இல்லை, இப்போதாவது உண்மையான பெயரைச் சொல்லக் கூடாதா அம்மா என்று கேட்டேன்.

அவள் புதுக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். என் கையிலிருந்த பேனாவைப் பார்த்தாள். திறந்திருந்த புத்தகத்தை நெடுநேரம் பார்த்தாள்.

"மாரியாயின்னே போட்டுக்குங்க" என்றாள்.

அப்படியே போட்டேன்.